ஆற்றங்கரைச் சுவருக்குப் பச்சை அட்டை

எனக்கு ஓடுகிற பழக்கம் கிடையாது, இன்ஸ்பெக்டர் ஐயா. அன்றைக்கு ஓடினேன். நாற்பது மூட்டை சிமெண்டோடு லாரி எங்கள் கிடங்கை விட்டுக் கிளம்பி, பாண்டி பஜார் முனையில் திரும்பிக்கொண்டிருந்தது. செருப்பைக்கூட மாட்டாமல் பின்னால் ஓடி, பக்கப் பலகையைத் தட்டித் தட்டி நிறுத்தினேன். அடையாறு வேண்டாம், கோடம்பாக்கத்துக்கு விடு என்றேன். டிரைவர் ஒன்றும் கேட்காமல் வண்டியைத் திருப்பினான். அவனுக்கு அது ஆறாவது தடவை. பழகிப்போயிருந்தது.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்கு அதுதான் ஆரம்பமாகப் படுகிறது. காப்பி வேண்டாம், குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

என் பெயர் மாதவப்பெருமாள். மாம்பலத்தில் ஒரு கட்டடக் கம்பெனியில் மேனேஜர். யுத்த காலத்தில் ராணுவத்துக்குக் கொட்டகை போட்ட இடத்தில் தொழில் கற்றேன். ஒரு வேலையைப் பார்க்கிறவன் மேஸ்திரி. எல்லா வேலையையும் சேர்த்து ஒரே பார்வையில் பார்க்கிறவன்தான் மேனேஜர். என் மேஜைக்கு எதிரே ஒரு பலகை உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் அதில் ஓர் அட்டை. ஒழுங்காக நடந்தால் பச்சை, பின்தங்கினால் சிவப்பு. திங்கட்கிழமை காலை முதலாளி வந்து பலகை முன்னால் நிற்பார். அவர் வேறு எதையும் பார்க்கமாட்டார்.

கையில் ஏழு வேலை இருந்தது. மயிலாப்பூரில் கல்யாண மண்டபம், சாந்தோமில் பிரசவ ஆஸ்பத்திரி, கோடம்பாக்கத்தில் சினிமா ஸ்டூடியோ, அப்புறம் மூன்று பங்களா. ஏழாவது, அடையாற்றங்கரையில் ஒரு சுவர். அதற்குப் பின்னால் இருபது குடிசை. மழைக்காலத்தில் ஆறு உள்ளே புகாமலிருக்க, பம்பாயில் இருக்கும் ஒரு தர்மவான் கட்டச் சொன்னது.

யுத்தம் முடிந்து இரண்டு வருஷமாகியும் சிமெண்டுக்குப் பெர்மிட் வேண்டியிருக்கிறது, உங்களுக்குத் தெரியாததில்லை. எந்த வேலையின் பேரில் பெர்மிட்டோ, அந்த வேலையின் மேஸ்திரி கைநாட்டு வைத்துத்தான் சரக்கை எடுக்க முடியும். ஆனால் வேலை பெர்மிட்டுக்காகக் காத்திருக்காது. அதனால் எங்களுக்குள் கைமாற்று என்று ஒரு வழக்கம். இந்த வேலையின் சிமெண்டை அந்த வேலைக்குக் கொடுப்போம், அடுத்த பெர்மிட் வந்ததும் திருப்பிவிடுவோம். ஊரில் எல்லாக் கம்பெனியிலும் இப்படித்தான்.

மண்டபத்துக்காரர் தினம் டெலிபோன் செய்வார். ஆஸ்பத்திரிக்கு டாக்டரம்மா நேரிலேயே வந்துவிடுவார். ஸ்டூடியோவில் படத்துக்குப் பூஜை போட நாள் குறித்தாயிற்று. அந்த முகூர்த்தத்துக்குத் தளம் காய்ந்திருக்க வேண்டும். சுவருக்காக மட்டும் யாரும் வந்து கேட்கவில்லை. அதன் அட்டை முதலிலிருந்தே சிவப்பு. ஏற்கனவே சிவப்பாக இருப்பதை இன்னும் சிவப்பாக்க முடியாது, ஐயா. ஆகவே கைமாற்று எப்போதும் அங்கிருந்துதான் போயிற்று. யோசித்துப் பாருங்கள், என் நாற்காலியில் இருந்தால் நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஷரஃபுதீன் மட்டும் ஒரு தடவை கேட்டார்.

"செவுத்து சரக்கு செவுத்துக்கு எப்போ போகும் சாப்?"

அடுத்த பெர்மிட்டில் என்றேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பொன்னுரங்கத்தை உங்களுக்குத் தெரியும். இருபத்திரண்டு நாளாக உங்கள் லாக்கப்பில் இருக்கிறார். எங்கள் தலைமை மேஸ்திரி அவர்தான். ஏழு வேலைக்கும் கொத்தனார் ஆட்களைப் பிரித்து அனுப்புவதும் அவர்தான். அந்த இருபது குடிசையில் ஒன்று அவருடையது. சுவருக்கு வந்த அத்தனை மூட்டைக்கும் அவருடைய கைநாட்டு இருக்கிறது. நான் வைக்கச் சொன்னேன், வைத்தார். சிமெண்டைத் திருடி விற்றுவிட்டார் என்று நீங்கள் அவரைப் பிடித்தது அதை வைத்துத்தான். அவர் ஒரு மூட்டையைக்கூடத் தொடவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

ஐப்பசி பிறந்ததும் பம்பாயிலிருந்து கடிதம் வந்தது. தர்மவான் சுவரைப் பார்க்க நேரில் வருகிறார். கையில் பதினைந்து நாள். முதலாளி பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். நான் பொன்னுரங்கத்தைக் கூப்பிட்டு, உள்ளே செம்மண்ணும் கருங்கல் ஜல்லியும் போட்டு நிரப்பி, வெளிப்பூச்சுக்கு மட்டும் சிமெண்டு போடச் சொன்னேன். பார்வைக்குத்தான், அப்புறம் பிரித்துச் சரியாகக் கட்டிக்கொள்ளலாம் என்று. சுவர் எழும்பியதும் பார்க்கப் போனேன். அவர் கரண்டிப் பிடியால் அதைத் தட்டிக் காட்டினார்.

"ஐயா, இது செவுரு இல்ல. மண்ணுக்குச் சட்ட போட்டுக்கீறோம். தண்ணி வந்து சாஞ்சா நிக்காது."

பக்கத்தில் அவர் மனைவி தேவானை கலவைச் சட்டியோடு நின்றாள். என் ஆபீசைக் கூட்டிப் பெருக்குகிறவளும் அவள்தான். பலகையைத் தினமும் துடைப்பவள்.

"நீ ஏன்யா கவலப்படறே? மேனேஜரு பச்ச அட்ட குத்திட்டா, ஆறு அதப் பாத்துட்டுத் திரும்பிப் போய்டும்" என்றாள்.

சித்தாள்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேலை செய்யும் இடத்தில் அந்தமாதிரிப் பேச்சை நான் தடுப்பதில்லை. மறுநாள் பச்சை அட்டை குத்தினேன். அந்தப் பலகையில் ஏழும் பச்சையாக இருந்தது அந்த ஒரு வாரம்தான்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குப் பொன்னுரங்கம் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். ஆறு ஏறிவிட்டது, ஜனங்கள் பாயும் பானையுமாக ரோட்டுக்கு வந்து நிற்கிறார்கள், லாரியைக் கொடுத்தால் எல்லாரையும் மேட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றார்.

லாரி மயிலாப்பூருக்குக் கல் ஏற்றப் போகவேண்டியிருந்தது. அது ஒரு காரணம். தர்மவான் அன்று பதினொரு மணிக்குச் சுவரைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர் வரும்போது, சுவர் யாருக்காகவோ அவர்கள் மூட்டை முடிச்சோடு ரோட்டில் நின்றால் அதற்கு என்ன அர்த்தம்? அதைப் பொன்னுரங்கத்திடம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். சுவர் தாங்கும், பொறுப்பு என்னுடையது, நீர் கட்டிய சுவர் என்பதால் நீர் சொன்னால்தான் நம்புவார்கள், போய் அவரவர் குடிசையில் இருக்கச் சொல்லும் என்றேன். அவர் தலையிலிருந்த சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார்.

"நீங்க சொல்றீங்களா ஐயா?"

"நான் சொல்கிறேன்."

போய்ச் சொன்னார். ஜனங்கள் திரும்பிப் போனார்கள். பத்தரை மணிக்குச் சுவர் விழுந்தது. பதினொரு பேர். தர்மவான் வந்த ரயில் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி வழியிலேயே நின்றுவிட்டது. அவர் அன்று வரவே இல்லை.

பிடித்த நாளிலிருந்து பொன்னுரங்கம் ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்கிறார் என்று உங்கள் ஏட்டு சொன்னார். "நான்தான் திரும்பிப் போகச் சொன்னேன்." அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். வாக்கியம் அவருடையதல்ல, என்னுடையது. சிமெண்டை எடுத்தவன் நான், மண்ணை நிரப்பச் சொன்னவன் நான், வெளியே வந்துவிட்டவர்களை உள்ளே அனுப்பியவனும் நான். தெரிந்துதான் செய்தேன். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள்.

மனச்சாட்சி உறுத்தியதா என்று கேட்டீர்கள். நான் நன்றாகத்தான் தூங்குகிறேன். வந்த காரணம் வேறு. பொன்னுரங்கம் உள்ளே போன நாளிலிருந்து ஒரு கொத்தனாரும் கரண்டியைத் தொடவில்லை. அவர் வந்து சொல்லாமல் கை வைக்கமாட்டார்களாம். மண்டபம் நிற்கிறது, ஆஸ்பத்திரி நிற்கிறது, ஸ்டூடியோ நிற்கிறது, பங்களாக்கள் நிற்கின்றன. ஆறு அட்டையும் சிவப்பு. நான் இல்லாமல் அந்த வேலைகள் முடியும், ஐயா; அவர் இல்லாமல் முடியாது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து எடுத்த முடிவு இது.

ஆகவே அவரைத் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குள் விட்டுவிடுங்கள். முன்பெல்லாம் மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போய்வர அவருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். இனி அந்த நேரமும் வேலைக்குக் கிடைக்கும். பதினொரு பேரில் தேவானையும், அவர்களுடைய இரண்டு பெண்களும் இருந்தார்கள்.