சயீத் பேருல ஒரு டப்பா

— பிள்ளை கண்ணு ஒளிக்கு என்ன விலை சொல்றது, மிஸ்ஸி? நான் எட்டு வெள்ளின்னு வச்சிருக்கேன். உங்களுக்கு ஏழு.

— கண்ணுல இடுற சுருமா வாங்க வரல, நஜ்முதீன் பாய். நான் நர்ஸா இருக்கிற கிளினிக்குல மூணு பிள்ளைங்களுக்கு ரத்தத்துல ஈயம் ஏறியிருக்கு. மூணு வீட்டுலயும் இந்தப் பச்சை டப்பாதான்.

— ஈயம் கார் பேட்டரில இருக்கும். பொந்தியான் டவுன்ல பேட்டரி கடையா இல்ல? அங்க போய்க் கேளுங்க லா.

— லேப்ல பார்த்தாச்சு. இந்தப் பொடியில பாதிக்கு மேல ஈயம். பிள்ளை கண்ணைக் கசக்கும், அந்த விரலையே சூப்பும்.

— வாப்பா காலத்துலேருந்து விக்கிறோம். யாருக்கும் பார்வை போகல.

— பார்வை இல்ல பாய், மூளை. பேச்சு வராது, படிப்பு ஏறாது. இப்பவே நிறுத்தினா மேல ஏறாம காப்பாத்தலாம். யார் யாருக்குக் கொடுத்தீங்கன்னு பேரு வேணும்.

— அலமாக், ஐயையோ. பேரைக் கொடுத்தா நாளைக்கு ஊரே கடை வாசல்ல நிக்கும். இருக்கிற பெட்டியெல்லாம் தூக்கிட்டுப் போங்க, காசு வேணாம். பேரை விட்டுடுங்க.

— பெட்டியில ஊசி போட்டு ரத்தம் எடுக்க முடியாதே, பாய்.

— ஏங்க, பேரு எழுதின அந்த நோட்டைக் கொடுங்க.

— நீ உள்ள போ, மஹ்மூதா.

— இத்தனை வருஷமா உள்ளதானே இருந்தேன். மிஸ்ஸி, இவரு வித்தது கொஞ்சம்தான். இந்தப் பக்கம் எந்தப் பிள்ளைக்கும் பொறந்து நாப்பதாம் நாள்னா, எங்க சயீத் பேருல ஒரு டப்பா சும்மா கொடுப்பாரு. தர்மம். பேரெல்லாம் எழுதி வச்சிருக்காரு.

— சயீத் யாரு, அக்கா?

— எங்க மவன். ரெண்டு வயசு. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அழுவான், சோர்ந்து விழுவான். கண்ணேறுன்னாங்க. காலையில மட்டும் இட்டதை ராத்திரியும் இட்டோம். நான் தலையைப் பிடிச்சுக்குவேன், இவரு கண்ணுல இழுப்பாரு. அப்புறம் வலிப்பு வந்துச்சு, அதோட போயிட்டான்.

— அது காய்ச்சல், மிஸ்ஸி. டாக்டரே சொன்னாரு.

— இருக்கலாம் பாய்.

— அது என்ன, இருக்கலாம்? காய்ச்சல்தான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நோட்டை இப்பவே தர்றேன்.

— அப்ப யாரும் அவன் ரத்தத்தைப் பார்க்கலையே. தெரியாததை எப்படிச் சொல்றது?

— இத்தனை வருஷ யாவாரத்துல ஒண்ணுமே குறைக்காத ஆளை இப்பதான் பார்க்கிறேன்.

— ஏங்க, கொடுங்க, நான் வாசிக்கிறேன்.

— வேணாம், நானே சொல்றேன். கொடுத்தது இருநூத்திப் பதினொண்ணு. அதுல இப்ப ஆறு வயசுக்குக் கீழ முப்பத்தெட்டு பிள்ளைங்க. நோட்டுல எழுதாதது ஒண்ணு மாடியில படுத்திருக்கு, மிஸ்ஸி. எங்க பேத்தி, மக முபீனா பெத்த நிலோபர், மூணு நாளா எதுவும் சாப்பிடல.