ஆலமரத்தைக் கப்பலேற்றிய கதை

என் பேச்சு நீளும் என்று நன்றாகத் தெரிந்தும், முகம் சுளிக்காமல் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் ஈஸ்வரமூர்த்தி அவர்களே! நூலையும் சாயத்தையும் ஒரு மாலைப் பொழுது மறந்துவிட்டு வந்திருக்கும் முதலாளிமார்களே! முன்வரிசையில் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! குன்னத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் தொழிலாளப் பெருமக்களே! தெற்குச் சீமையில் பிறந்து, இந்த ஊருக்குத் தைத்துக் கொடுத்தே கண் மங்கிய சகோதர சகோதரிகளே! என் கணவர் திருமூர்த்தி விட்டுச் சென்ற பனியன் கம்பெனியைப் பத்தொன்பது ஆண்டுகள் நடத்தி, இந்த மாதக் கடைசியில் அதன் கதவைச் சாத்தப் போகிறவளின் வணக்கம் உங்கள் அனைவருக்கும்.

என்னங்க அங்கே சலசலப்பு? காதில் சரியாகத்தான் விழுந்தது. சாத்தத்தான் போகிறேன்.

அண்டை நாட்டுச் சரக்குக்கு வரி போடச் சொல்லும் தீர்மானத்தை வழிமொழிய என்னை அழைத்திருக்கிறார்கள். 'இந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் நன்றாக வரும், அடித்துப் பேசுவார்' என்று நம்பி அழைத்திருக்கிறார்கள். அடித்துப் பேசத்தான் வந்தேன். ஆனால் அடி யார்மேல் விழும் என்று பொறுத்துப் பாருங்கள். அதற்கு முன்னால் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. ஒரு மனிதரின் பெயரை நான் பறித்துவிட்டேன். அதை இந்தச் சபையில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

சகாயராஜ் என்று சொன்னால் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'ஆலமரம்' என்று சொன்னால்? பார்த்தீர்களா, சிரிப்பு வருகிறது! பெயர் தெரியாது, பட்டப்பெயர் தெரிகிறது. திருப்பூரில் எந்தக் கம்பெனி வாசலில் போய் அவர் வேலை கேட்டாலும், "ஓ, ஆலமரத்தைக் கப்பல்ல ஏத்துனவருங்களா?" என்று கேட்டுச் சிரித்து அனுப்பினீர்கள். பதினோரு வாசல். அத்தனை வாசலிலும் அவர் தலை குனிந்தாரே தவிர, நடந்தது என்ன என்று சொல்லவில்லை. இன்று நான் சொல்கிறேன்.

போன ஆண்டு நம்மைச் சுற்றியிருக்கும் நாடுகள் ஒன்றுகூடி ஒப்பந்தம் போட்டன. ஒருவர் சரக்கை ஒருவர் சலுகை வரியில் வாங்குவோம் என்றார்கள். நாம் பட்டாசு வெடித்தோம். இதே மண்டபத்தில் லட்டு கொடுத்தோம். கடலுக்கு அப்பால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சட்டை தைக்கும் ஒருவர் என்னிடம் துணி கேட்டார். பின்னிச் சாயமேற்றிய வெறும் துணி. எந்த நாடு என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் நாற்காலி பறக்கும். எனக்கு அந்த நாட்டின்மேல் கோபம் இல்லை. கோபப்படும் தகுதி எனக்கு இல்லை.

சலுகை வேண்டுமென்றால் துணி இந்த நாட்டில்தான் பிறந்தது என்று ஒரு சான்று வேண்டும். மனிதனுக்குப் பிறப்புச் சான்று இருப்பது போலத் துணிக்கும் ஒன்று. அதற்கான விண்ணப்பத்தை எங்கள் அலுவலகத்தில் எழுதியவர் சகாயராஜ். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஒரு எழுத்தை எழுதுமுன் இரண்டு முறை யோசிப்பவர். சரக்கின் பெயர் என்ற இடத்தில், 'பின்னப்பட்ட துணி' என்று ஆங்கிலத்தில் எழுதி என் மேசையில் வைத்தார்.

நான் அதை அடித்தேன். சிவப்பு மையால் அடித்தேன். "நம்ம கம்பெனி பேரே பனியன் கம்பெனி. நாம விக்கறது பனியன் துணி. உள்ளதை எழுதப்பா" என்றேன்.

அவர் தயங்கி நின்றார். "யம்மா, பனியன் துணின்னு இங்கனதான் சொல்லுதோம். அங்க உள்ளவங்க தச்ச உள்சட்டைன்னு நெனச்சிருவாங்க. அதுக்குச் சலுகை கெடையாதுல்லா?"

தாய்மார்களே, அந்த நிமிடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடினேனா? கான்வென்டில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் அல்லவா நான்! ஒரு எழுத்துப் பிசகினால் புறங்கையில் ஸ்கேல் விழும் பள்ளிக்கூடம் அது. "எனக்கா நீ இங்கிலீஷ் சொல்லித் தர்றே?" என்று கேட்டேன். அவர் திரும்பிப் போய், ஊரில் எல்லாப் பெயர்ப் பலகையிலும் இருக்கிற ஸ்பெல்லிங்கில் பனியன் துணி என்று அடித்துக் கொடுத்தார். சான்றும் முத்திரையோடு வந்துவிட்டது.

அடுத்த வாரம் சரக்குப் பட்டியல் கையெழுத்துக்கு வந்தது. அதிலும் அதே ஸ்பெல்லிங். என் கண்ணில் பட்டதும் துள்ளி எழுந்தேன். அந்த எழுத்துக்கு ஆங்கில அகராதியில் முதலில் நிற்பது ஆலமரம்! கட்டிங் மேசை வரைக்கும் கேட்கும்படி கத்தினேன்: "ஏப்பா சகாயராஜ், ஆலமரத்தை வெட்டியா கப்பல்ல ஏத்தறே?" கட்டிங் மேசையே சிரித்தது. அவருடைய மனைவி ரோஸ்மேரி அங்கேதான் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

நடுவில் இருந்த 'ஒய்'யை 'ஐ' ஆக்கி, ஒரே ஒரு எழுத்தை மாற்றினேன். அகராதி என் பக்கம் இருந்தது. ஆனால் சான்றில் ஒரு எழுத்து, பட்டியலில் ஒரு எழுத்து! ஒன்று ஆலமரத் துணி, இன்னொன்று உள்சட்டைத் துணி, பெட்டிக்குள் இருப்பதோ இரண்டும் இல்லை. எழுத்தைத் திருத்தினேன், சொல்லைத் திருத்தவில்லை. திருத்தச் சொன்னவரையும் ஊர் சிரிக்க வைத்தேன்.

சாதாரணக் காலமாக இருந்தால் ஒரு தொலைபேசியில் முடிந்திருக்கும். ஆனால் அது என்ன காலம்? அவர்களுடைய தேங்காய் எண்ணெயை நம் துறைமுகத்தில் லேபிள் சரியில்லை என்று நிறுத்தி வைத்திருந்த காலம். அந்தச் செய்தி வந்தபோது இந்த மண்டபம் கைதட்டியதா, இல்லையா? அந்தக் கைதட்டலில் என் இரண்டு கைகளும் இருந்தன. மூன்றே வாரத்தில் அவர்கள் என் துணியை நிறுத்தினார்கள். அங்கேயும் ஒரு மண்டபம் இருந்திருக்கும், அங்கேயும் கைதட்டியிருப்பார்கள். நாம் எண்ணெயை மறித்தோம், அவர்கள் துணியை மறித்தார்கள். நாம் லேபிளைப் பிடித்தோம், அவர்கள் எழுத்தைப் பிடித்தார்கள். வென்றது யார்? சொல்லுங்கள், வென்றது யார்?

துணி கேட்டவர் தொலைபேசியில் அழைத்தார். "அம்மா, உங்கள் பெட்டி என் கண்ணுக்குத் தெரிகிறது. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. நான் இந்தப் பக்கம் நிற்கிறேன்" என்றார். மழைக்காலம் வந்தது. நான்கு மாதம் கழித்துப் பெட்டியைத் திறந்தபோது வெள்ளைத் துணி முழுவதும் பூஞ்சணம். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. அவருடைய தையல் மிஷின்கள் நின்றன. போட்ட பணம் திரும்பாமல், பிறகு என்னுடையவை நின்றன.

நான் என்ன செய்தேன்? சகாயராஜை அழைத்து, எல்லார் முன்னாலும், "உன்னாலதான் போச்சு, நட வெளியே" என்றேன். அவர் என் மேசையைப் பார்த்தார். அந்த மேசை டிராயரில்தான் நான் சிவப்பு மையால் அடித்த முதல் தாள் இருந்தது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "சரி யம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதோ அந்தத் தாள். தலைவர் அவர்களே, தயவுசெய்து வாங்கிப் பாருங்கள். நீல மையில் இருப்பது அவர் எழுதியது. சரியாக எழுதியிருக்கிறார். சிவப்பு என்னுடையது.

"இப்பச் சொல்லி என்னுங்க பிரயோசனம்?" என்று யாரோ கேட்கிறீர்கள். நியாயமான கேள்விங்க. பிரயோசனம் இல்லை. போன வாரம் அவரைத் தொலைபேசியில் பிடித்தேன். ஊரில் உப்பளத்தில் உப்பு அள்ளுகிறார். "திரும்பி வா சகாயராஜ், கம்பெனி மூடினாலும் வேறு இடத்தில் நானே சொல்லிச் சேர்த்துவிடுகிறேன்" என்று கெஞ்சினேன். வாழ்நாளில் நான் கெஞ்சியது அதுதான் முதல் முறை. அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"வேண்டாம் யம்மா. உப்புக்கு ஸ்பெல்லிங் கெடையாதுல்லா."

போனை வைத்துவிட்டார்.

சரி, தீர்மானத்துக்கு வருகிறேன். இரண்டு முறை படித்தேன். என் வழக்கம் அது. 'அண்டை நாடுகளிலிருந்து வரும் பனியன்களுக்குக் கூடுதல் வரி விதிக்க வேண்டும்' என்று எழுதி, கீழே ஆங்கிலத்திலும் போட்டிருக்கிறீர்கள். எந்தச் சொல்? அதே சொல்! எந்த ஸ்பெல்லிங்? பெயர்ப் பலகை ஸ்பெல்லிங்! டில்லியில் இதைப் படிப்பவர் உள்சட்டை என்று எடுத்துக்கொள்வார், அல்லது ஆலமரம் என்று எடுத்துக்கொள்வார். நீங்கள் அஞ்சுகிற டீ-ஷர்ட்டும் நைட்டியும் அப்போதும் வரும். இதைக் கண்டுபிடித்து, தயங்கி நின்று, "இங்கனதான் அப்படிச் சொல்லுதோம்" என்று எடுத்துச் சொல்ல உங்களிடம் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரைப் பதினோரு வாசலில் சிரித்து அனுப்பிவிட்டோம்.

தலைவர் பேனாவை நீட்டுகிறார். மன்னியுங்கள் ஐயா. இதைத் திருத்திக் கொடுக்கவும் மாட்டேன், வழிமொழியவும் மாட்டேன். திருத்தினால் அங்கே இன்னொரு துறைமுகத்தில் இன்னொரு பெட்டி நிற்கும். திருத்தாவிட்டால் இங்கே இன்னும் நான்கு கதவுகள் மூடும். எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை. எழுபத்தொரு வயதில், எனக்குத் தெரியவில்லை என்று இந்தச் சபையில் சொல்கிறேன்.

தெரிந்தது ஒன்றுதான். ஆறாவது வரிசையில் ரோஸ்மேரி உட்கார்ந்திருக்கிறார். நாளைக்கு ஊருக்குப் பஸ் ஏறுகிறார். ரோஸ்மேரி, நீ எழுந்திருக்க வேண்டாம், கண்ணு. நான்தான் நிற்க வேண்டியவள். உன் வீட்டுக்காரரிடம் போய்ச் சொல். திருப்பூரில், முந்நூறு பேர் கேட்க, அந்த அம்மா உங்கள் பெயரை உரக்கச் சொன்னார் என்று சொல்.

அவர் பெயர் சகாயராஜ். அவர் எழுதியது சரி.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. கைதட்ட வேண்டாம். வணக்கம்.