கோட்டை ரம்பத்தின் நுகம்

தோணிரேவு ஊரின் படகுத்துறையில் பழவேற்காட்டுப் படகுக்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் தன் புருஷனிடம் தணிந்த குரலில் கேட்டாள்.

“நேத்து நுகத்துல மாட்டுக்குப் பதிலா உன்ன எதுக்குயா கட்டியிருந்தாங்க?”

அவன் ஏரியைப் பார்த்தபடி சொன்னான். “மாடு கால் ஒடிஞ்சி கெடக்குது. வேற மாடு வர்ற வரிக்கும் ஆளுங்கதான் இழுக்கணும்.”

“ஒல்லாந்தர் கோட்டைல மரம் அறுக்கறேன்னுதான எங்க நைனாகிட்ட சொன்ன?”

“அறுக்கறது ரம்பம். நான் நுகத்த இழுத்துனு வட்டமா நடந்தா பெரிய பல்சக்கரம் சுத்தும், அதோட பல்லு மாட்டி அங்க சின்ன சக்கரம் ஒண்ணு வேகமா சுத்தும். அந்தச் சின்ன சக்கரத்தோட ஓரத்துல ஒரு முளை, முளையில ஒரு கோலு, கோலோட அந்த முனையில ரம்பம். சக்கரம் சுத்தச் சுத்த கோலு ரம்பத்த முன்னால தள்ளும், பின்னால இழுக்கும். மரம் அறுபடும்.”

“இத சொல்லியிருக்கலாமே.”

“நுகத்துல நிக்கறேன்னு எப்பிடி சொல்றது?”

பிறகு அவன் கேட்டான்.

“நேத்து கஞ்சி எடுத்துனு வந்தியே. யாரு வேணும்னு காவக்காரன் கேட்டப்ப இன்னா சொன்ன?”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “யாரும் வேணாம், வழி தெரியாம வந்துட்டேன்னு சொன்னேன்.”

“காதுல வுழுந்துது.”

“அதான் இன்னிக்கு கூட வர்றேன். அந்தக் காவக்காரன்கிட்டயே போய், நுகத்துல நிக்கறாரே அவரு பொண்டாட்டி நான்னு சொல்லப் போறேன்.”

“மெதுவா பேசுமே,” என்றான் அவன். “பின்னால ஆளு நிக்குது.”

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.