இரண்டு பூட்டு, ஒரு போன்

சர்வர் கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு போகக் கூடாது, சார். புழுதி உள்ளே புகுந்துவிடும். இதை நான் யாரிடமும் கோபமாகச் சொன்னதில்லை. கதவருகே ஒரு கால்மிதியைப் போட்டுவைத்தேன், அவ்வளவுதான். நான் அமைதியான ஆள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அக்கா பல் மருத்துவர். கிளினிக் அவளுடையது, கம்ப்யூட்டர் என்னுடையது. நோயாளிகளின் எக்ஸ்ரே, மருந்து, யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்ற விவரம் எல்லாம் பின்கட்டு ஸ்டோர் ரூமில், என் சர்வர் பெட்டிக்குள் இருந்தன. காத்திருப்பவர்கள் ஃபேன் காற்றில் வியர்த்துக்கொண்டிருப்பார்கள். என் பெட்டிக்கு ஏசி. சாயந்திரமானால் எல்லாவற்றையும் நகலெடுத்த பேக்கப் டிஸ்க்கைச் சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போவேன். பாதுகாப்பு என்றால் எனக்கு அதுதான். கண்ணால் பார்க்க வேண்டும், கையால் தொட வேண்டும்.

"தம்பி, சிஸ்டம் நின்னுபோச்சுடா, ஓடி வா" என்று அக்கா அவ்வப்போது குரல் கொடுப்பாள். நான் போய் நிற்பேன், சரியாகிவிடும். நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடப்பவரிடம், "இவன் இல்லைன்னா எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி" என்பாள். அவள் கூப்பிட்டு ரொம்ப நாளாகிவிட்டால் நானே ஒரு வயரைக் கழற்றிவிடுவதும் உண்டு. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

அக்கா மகளுக்குக் கல்யாணமானதும் மாப்பிள்ளை வந்தார். கம்ப்யூட்டர் பாதுகாப்பில்தான் அவருக்கு வேலை. மரியாதையான பையன், குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் பெரிய தொல்லை. என் அறையைப் பார்க்க வந்தபோது சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

"யாராவது இந்தப் பெட்டியைத் தூக்கிட்டுப் போனா என்ன மாமா பண்ணுவீங்க? டிஸ்க்கை பஸ்ல மறந்துட்டா? அப்டேட் போட்டு எவ்வளவு நாளாச்சு?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "எல்லாத்தையும் இன்டர்நெட் வழியா ஒரு கம்பெனியோட கிளவுடுக்கு மாத்திடலாம் மாமா. அங்க காவலுக்குன்னே ஆள் இருக்காங்க. நம்ம பக்கம் பாஸ்வேர்ட் ஒரு பூட்டு, போனுக்கு வர்ற கோடு நம்பர் இன்னொரு பூட்டு."

"மேகத்துல வெச்சா மழையோட கொட்டிடாதா மாப்பிள்ளை?" என்றேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துத்தான் சிரித்தாள்.

முன்பு ஒருமுறை என் பெட்டிக்குள் வைரஸ் புகுந்து நிறைய எக்ஸ்ரே அழிந்துபோனது. கரண்ட் கோளாறு என்று சொல்லிச் சமாளித்திருந்தேன். விவரங்களை கிளவுடுக்கு மாற்றும்போது மாப்பிள்ளை அதைக் கண்டுபிடித்துவிட்டார். அக்காவிடம் மூச்சுவிடவில்லை. என் தோளில் கைபோட்டு, "விடுங்க மாமா, எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்றார். போட்டுக்கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அன்றைக்குத்தான் எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது.

கிளவுட் வந்த பிறகு எதுவும் நிற்கவில்லை. என்னை யாரும் கூப்பிடவில்லை. ஸ்டோர் ரூம் ஏசியைக் கழற்றிக் காத்திருப்பவர்கள் பக்கம் மாட்டினார்கள். எல்லாரும் மாப்பிள்ளையை வாழ்த்தினார்கள். பிரிண்டருக்குப் பேப்பர் வைக்கும் வேலை எனக்கு மிஞ்சியது. "இப்பல்லாம் எங்க மாப்பிள்ளைதான் பார்த்துக்கறார்" என்று அக்கா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். பேப்பரை அடுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்த இரண்டாவது பூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோடு அவரவர் போனுக்கு வருவதுதான் முறை. ஆனால் வேலை நேரத்தில் யாரும் போனைத் தொடக் கூடாது என்பது அக்காவின் சட்டம். அதனால் வரவேற்பு மேஜையில் ஒரு பழைய போனை நூலில் கட்டிவைத்து, எல்லாருடைய கோடும் அதற்கே வரும்படி செய்தார்கள். "இது சரியில்லை அத்தை" என்று மாப்பிள்ளை சொல்லிப் பார்த்தார். அக்கா கேட்கவில்லை. மாமியார் பேச்சைத் தட்ட மனமில்லாமல் அவரும் தன் கணக்கை அதிலேயே சேர்த்துக்கொண்டார். உள்ளேயிருந்து யாராவது "கோடு சொல்லும்மா" என்று கத்துவார்கள். வரவேற்புப் பெண் ஏலம் விடுகிற மாதிரி உரக்கப் படிப்பாள். பிரிண்டர் அந்த மேஜையை ஒட்டித்தான் இருந்தது. மாப்பிள்ளையின் பாஸ்வேர்டும் எனக்குத் தெரியும். வேலையை ஒப்படைத்த சமயத்தில் அவரே சொன்னார். "உங்ககிட்ட மறைக்க என்ன மாமா இருக்கு?"

ஸ்டோர் ரூமில் மிச்சமிருந்த கம்ப்யூட்டரில் அந்தப் பாஸ்வேர்டைப் போட்டேன். மேஜைப் பக்கம் வந்து, பேப்பர் அடுக்குகிற சாக்கில் போனில் வந்த எண்ணைப் படித்தேன். திரும்பிப் போய் ஒரே ஒரு வரியை அழித்தேன். எங்களிடம் வழக்கமாக வரும் தையல்காரர் ஒருவருக்கு ஒரு மருந்து ஆகாது என்று அவர் பெயருக்கு மேலே சிவப்பில் வரும் வரி. அது காணாமல் போனால் அக்காவுக்கு கிளவுட் மேல் சந்தேகம் வரும், என் பெட்டி திரும்பி வரும். தையல்காரருக்குக் கொஞ்சம் அரிக்கும், தடிக்கும், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அந்த வரியை முதன்முதலில் அடித்தவனும் நான்தான். அந்த மருந்தால் ஒருமுறை தொண்டை வீங்கி, மூச்சடைத்து, பிழைத்து வந்ததே மறுபிறவி என்று தையல்காரர் என்னிடம்தான் விவரமாகச் சொன்னார். கேட்டு பயந்துபோய்ச் சிவப்பில் போட்டேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அக்கா அவருக்குப் பல் பிடுங்கினாள். திரையைப் பார்த்தாள், சிவப்பு இல்லை, மாத்திரை கொடுத்தாள். அவருக்கு வாயெல்லாம் பஞ்சு, பேச முடியவில்லை. எப்போதும், "என் கதையெல்லாம் உங்க கம்ப்யூட்டருக்கே தெரியுமே டாக்டர்" என்கிற மனிதர். பொட்டலத்தோடு வெளியே வந்தவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டேன். வீட்டில் மாத்திரையைப் போட்டுக்கொண்டவர் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

அழித்தது மாப்பிள்ளையின் கணக்கு என்று கிளவுட் கம்பெனிக்காரர்கள் உடனே எடுத்துக்கொடுத்தார்கள். அதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். என் பெட்டியில் யார் எதை அழித்தாலும் தெரியாது. போலீஸ்காரர்கள் நீங்கள் வந்து அவரைப் பிடித்து உள்ளே வைத்தீர்கள். நான் வாய் திறக்கவில்லை. இனிமேல் அக்கா என்னைக் கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன்.

அவள் கூப்பிடவில்லை. கிளினிக்கைப் பூட்டிவிட்டு, தினமும் அவரைப் பார்க்க இங்கே வந்து வெயிலில் வரிசையில் நிற்கிறாள். துணைக்கு வரட்டுமா என்று கேட்டேன். "நீ எதுக்குடா? அவர் எனக்குப் பிள்ளை. எந்தத் தப்பும் பண்ணியிருக்க மாட்டார். நான் போய்க்கறேன்" என்றாள்.

பொறாமையில் வந்திருக்கிறேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். குற்றமில்லாத ஒருவர் உள்ளே இருப்பதை என் மனசாட்சி பொறுக்கவில்லை, அதனால்தான் வந்தேன். அவரை இன்றைக்கே வெளியே விட்டுவிடுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். அப்புறம் சார், அக்காவுக்கு முழங்கால் வலி, ரொம்ப நேரம் நிற்க முடியாது. என்னைப் பார்க்க வரும்போது அவளைக் கொஞ்சம் சீக்கிரமாக உள்ளே விடுவீர்கள் அல்லவா?