பொடியைத் தவிர

பேனாவ மேஜையிலயே வைங்க டாக்டரம்மா. கையெழுத்துப் போடறேன், போடமாட்டேன்னா சொன்னேன்? முதல்ல டீயக் குடிங்க, ஆறிடப் போகுது. வாயில வைக்க வெளங்கலையா? வீட்டுக்காரி இல்ல, பொண்ணுக்குப் பிரசவம்னு போயிருக்கா. அதான் டீ இந்த லட்சணத்துல இருக்கு.

நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் இந்தக் காகிதத்த நேத்தே நாலு தடவ படிச்சுட்டேன். ரெண்டு வரிசை மாட்டுக்கும் பொடியைத் தவிர மத்ததெல்லாம் ஒண்ணுபோலத்தான் நடந்துச்சு, அப்படித்தானே எழுதியிருக்கு? இடது வரிசை பத்துக்கும் நீங்க செடியிலேர்ந்து எடுத்த பொடி. வலது வரிசை பத்துக்கும் வெறும் தீவனம். தண்ணி, வைக்கோல், கறவை நேரம் எல்லாம் ஒண்ணு. சரிதான்.

எனக்கும் சந்தோஷம்தாம்மா. ஆறு மாசமா இடது பக்கம் மடி வீக்கம் கொறஞ்சிருக்கு, ரத்தத்துல நோய எதிர்க்கற சக்தி கூடியிருக்குன்னு நீங்க குதிச்சீங்களே. பத்து வருஷமா இந்தப் பண்ணைக்கு வர்றீங்க, பல்லு தெரிய நீங்க சிரிச்சு அன்னிக்குத்தான் பாத்தேன். கோச்சுக்காதீங்க.

ஆனா அந்தப் பொடிய வாயில போட்டுப் பாத்திருக்கீங்களா? நான் பாத்தேன். ரெண்டு நாளைக்கு நாக்கு நாக்கா இல்ல. மாடு மட்டும் தின்னுடுமா? மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கும். ஒரு சிட்டிகை சிந்தக் கூடாதுன்னு நீங்க கறாரா சொல்லிட்டீங்க. வேற வழி? அதுங்க தீவனத்துலயே பிசைஞ்சு, உருண்டை பிடிச்சு, கையாலதான் ஊட்டினேன். ஒரு மாட்டுக்குக் காலைல கால் மணி நேரம், சாயங்காலம் கால் மணி நேரம். வலது பக்கம் வண்டியத் தள்ளிட்டுப் போய்த் தொட்டியில கொட்டினா ரெண்டு நிமிஷத்துல வேலை முடிஞ்சுது.

கால் மணி நேரம் சும்மா எப்படி நிக்கறது? பேசுவேன். சண்டைக்காரி, மகாராணி, தூங்குமூஞ்சின்னு பேருகூட வெச்சுட்டேன். வலது பக்கத்துக்கு இன்னும் காதுல மாட்டின நம்பர்தான்.

சிரிக்காதீங்க. நடுவுல எனக்குக் காய்ச்சல் வந்து பதினோரு நாள் படுத்தேனே, ஞாபகம் இருக்கா? பதிலுக்கு வந்தவன் பொடிய அளவு மாறாமதான் குடுத்திருக்கான். நானே விசாரிச்சேன். ஆனா வாயில திணிச்சுட்டு அடுத்ததுக்குப் போயிட்டே இருந்திருக்கான், ஒரு வார்த்தை கிடையாது. அந்தப் பதினோரு நாள்லதான் இடது பக்கம் மூணு மாட்டுக்கு மடி வீங்குச்சு. மழையாலன்னு எழுதினீங்க. அதே கூரைதானேம்மா வலது பக்கத்துக்கும்? அங்க ஏன் புதுசா ஒண்ணும் வரல?

பொடி வேலை செய்யலன்னு சொல்ல நான் யாரு? செஞ்சிருக்கும். ஆனா மத்ததெல்லாம் ஒண்ணுன்னு கையெழுத்துப் போட எனக்கு மனசு வரல. நாளைக்கு அனுப்பணும்னு நிக்கறீங்க, உங்க உழைப்புல மண்ணள்ளிப் போடறேன்னு தெரியுது. திட்டணும்னா நல்லாத் திட்டிடுங்க, வாங்கிக்கறேன்.

மாட்டுக்கிட்ட என்ன பேசுவேனா? என்னத்தப் பேச, முட்டி வலி, குழாய் ஒழுகறது, காலைல கண்ட கனவு. போன்ல வீட்டுக்காரிகிட்ட ரெண்டே வார்த்தைதான். சாப்டேன், நல்லாருக்கேன். மிச்சத்த எங்கயாவது எறக்கி வெக்கணுமில்ல?

என்னது, சோதனைய மறுபடி மொதல்லேர்ந்தா? நிஜமாவா சொல்றீங்க? செய்யலாம்மா. இந்தத் தடவ ரெண்டு பக்கமும் ஒரே கணக்கா நின்னுடறேன். நேரமா? நேரத்துக்கு என்ன, வீட்டுக்குப் போய் என்ன பண்ணப் போறேன்.

அவளா? எப்ப வருவான்னு கேக்கறீங்களா? அந்தப் பிரசவத்துல பொறந்த குழந்தை இப்போ பள்ளிக்கூடம் போகுது டாக்டரம்மா. அவ வரமாட்டா. இடது பக்கத்துக்கு அது எப்பவோ தெரியும். வலது பக்கத்துக்குத்தான் ஆரம்பத்துலேர்ந்து சொல்லணும்.