கத்தரிச் செடிக்குக் கவ்வாத்து

காலை ஏழே கால். பதுளைக் கடைவீதியில், அரிசிக்கடை வாசலில் காத்து நின்ற இரண்டு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஊரெங்கும் விஷக்காய்ச்சல்.

“எங்க வீட்டுக்காரரு கத்தரிச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிட்டாருக்கா!” என்றாள் இளையவள்.

“என்னடி சொல்ற?”

“காச்சக் காலத்துல காய்கறி தின்னணும்னு மருந்துக்கார ஐயா சொன்னாருல்ல? நம்ம லயத்து வீட்டுக்குப் பின்னால கத்தரி போட்டிருந்தேன். காச்சல்ல நெனவில்லாமக் கெடந்த மனுசன், நேத்து கத்தியோட எந்திரிச்சுப் போயி, தேயிலைன்னு நெனச்சு மட்டமா வெட்டிப்புட்டாரு!”

“அடப்பாவி! காயெல்லாம் போச்சே!”

“போகட்டும்க்கா. எந்திரிச்சுட்டாருல்ல! பொழைக்க மாட்டாருன்னு எத்தன அழுக அழுதேன்.”

“பாத்துடி, நாளைக்குச் செடியெல்லாம் நம்மள மாதிரி வேலைக்குப் பேரு குடுக்க, காலைப் பெரட்டுக்கு வரிசையா நிக்கணும்பாரு!”

இருவரும் மறுபடி சிரித்தார்கள்.

இளையவள் அரைப்படி அரிசியும் ஒரு பொட்டலம் கத்தரி விதையும் வாங்கினாள்.