அகத்தி முறிந்த கொடிக்கால்

"வெயில் வரக் கூடாதுன்னு வேண்டிக்கினு கீறேன் சார்," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள் குரோம்பேட்டையில் ஏறிய பெண். புயல் மழைக்குப் பிறகு ஊரே வெயிலுக்கு ஏங்கிய நாட்கள் அவை. மின்சார ரயிலில் எதிர் இருக்கையில் இருந்த நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

அவளுக்குத் திருநீர்மலைப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால். நிழல் தந்த அகத்தி மரங்களின் தலையைக் காற்று முறித்துவிட்டது. கொடிகள் மட்டும் மொட்டைத் தண்டுகளில் தப்பி நின்றன. புருஷன் காய்ச்சலில் கிடக்க, கொடிகளைத் தென்னங்கீற்று போட்டு மூடுவதற்கு அண்ணனைக் கூட்டிவர சைதாப்பேட்டை போகிறாள். அவள் பக்கத்தில் இருந்தவர் அவளுக்குத் தெரிந்த தாவரவியல் வாத்தியார்.

"நேத்து கொஞ்சம் வெயில் அடிச்சதுக்கே இலை வெளுத்துப் போச்சு சார். வெயில்தானே செடிக்குச் சோறு?"

"சோறுதாம்மா. ஆனா நிழல்ல வளர்ந்த இலை கொஞ்சம் வெளிச்சத்துக்குப் பழகினது. திடீர்னு கொட்டினா அதால வாங்கிக்க முடியாது, பச்சையே அழிஞ்சிடும்."

"அப்போ அவ்ளோதானா?"

"கொழுந்தைக் காப்பாத்து. கீத்தை மெல்ல மெல்ல விலக்கினா, புதுசா வர்ற இலை கொஞ்சம் தடிப்பா வரும். அது தாங்கிக்கும்."

மீனம்பாக்கம் தாண்டியதும் மேகம் விலகி, பெட்டிக்குள் வெயில் விழுந்தது. யாரோ "அப்பாடா" என்றார்கள். அவள் சன்னல் வழியே வானத்தை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணன் வர்றதுக்குள்ள கருகிடும் சார்."

பரங்கிமலையில் வண்டி நின்றது. வாத்தியார் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எறங்கும்மா. எதிர் வண்டியில திரும்பிடலாம். எனக்கும் கீத்து கட்டத் தெரியும்."